கற்பூரம் அணைக்கிற வேலை

டிசம்பர் 31 அன்று சாயங்காலம் 7.30 மணிக்கே எனக்குப் புத்தாண்டு பிறந்துவிடும். சுவிட்சர்லாந்தில் நான் குடியிருக்கும் கிளாரஸில் அப்போதுதான் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். எங்கள் ஊர் திருத்தணியில் மணி 12. அடிவாரத்திலிருந்து சன்னதி வரை படியெல்லாம் ஆள் நிற்கும்.

படித் திருவிழா வெளியூர்க்காரர்களுக்குக் கோயில் விழா. எங்கள் தெருவுக்கு அது வேலை. நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் 365 படி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி முடித்த பிறகுதான் அடுத்த படியில் கால் வைக்க வேண்டும். ஜனவரி ஒன்றாம் தேதி வெள்ளைக்கார துரைகளைப் பார்க்க எலுமிச்சம்பழத்தோடு ஜனங்கள் காத்துக் கிடந்த காலத்தில் பிறந்தது இந்த வழக்கம். துரைக்கெல்லாம் துரை தணிகை மலைமேல் இருக்கிறான், அங்கே போவோம் என்று கூப்பிட்டு இதைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்றுவரை அதைத் தோளில் சுமப்பவை பஜனைக் குழுக்கள். எங்கள் குழுவில் மளிகைக் கடைக்காரர் இருந்தார், ரயில்வே கேங்மேன் இருந்தார், லுங்கித் தறி ஓட்டிய என் நைனாவும் இருந்தார்.

எட்டு வயதில் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். கையில் ஈரக் கோணி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். "டேய் பையா, தீபாராதனை முடிஞ்சதும் கற்பூரத்த அணைச்சிடணும். பின்னால வர்றவங்க வெறுங்கால்ல வர்றாங்க" என்று பெரியவர் சொன்னார். தேங்காய்ச் சில்லையும் பொறுக்க வேண்டும். கோணியைப் போட்டதும் 'சுர்'ரென்று ஒரு சத்தம், கருகிய சணல் வாசனை, மஞ்சள் தண்ணீர் கீழ்ப்படிக்கு வழியும். கோணியை எடுத்துவிட்டுக் கல்லில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன். பாடத் தெரியாத பையனும் அன்றைக்கு அந்தக் குழுவில் ஓர் ஆள்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் தெரு தண்ணீர்ப் பந்தல் போடும். புஷ்பக் காவடியோடு ஆந்திரா பக்கமிருந்து வருகிறவர்களுக்கு "தாகண்டி", நம் பக்கத்து ஜனத்துக்கு "குடிங்க". 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்காக எல்லைப் போராட்டத் தலைவர் ம.பொ.சி. பின்னால் போய்ச் சிறைப்பட்டவர்கள் உண்டு. மோர் ஊற்றிய கை இரண்டு பாஷைக்கும் ஒரே அளவுதான் ஊற்றியது.

ஜவுளி எந்திர வேலை என்னைக் கிளாரஸுக்குக் கொண்டுவந்தது. 12,000 சொச்சம் பேர். வாசலைத் திறந்தால் 2,000 மீட்டருக்கு மேல் ஒரு மலை நெஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கும். வழியில் பார்க்கிற எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். இரண்டு வருஷம் ஒரு வீட்டுக்குள்ளும் நான் போகவில்லை. இங்கே மனிதர்கள் பழகுவது வீட்டில் இல்லை, சங்கத்தில் என்பது பிறகுதான் புரிந்தது. பாட்டுக்கு, முதலுதவிக்கு, மலையேற்றத்துக்கு, துப்பாக்கி சுட, இசைக்க என்று ஆளுக்கு இரண்டு சங்கம். தீயணைப்புப் படையே ஊர்க்காரர்களால் ஆனது. பகலில் தச்சர், பாலுக்கு மாடு வைத்திருப்பவர், வங்கிக் குமாஸ்தா. அழைப்பு வந்தால் ஹெல்மெட்.

அந்தப் படைக்கு இங்கே தனி மரியாதை உண்டு. 1861 மே 10 ராத்திரி தெற்கிலிருந்து ஃபோன் என்கிற வறண்ட வெப்பக் காற்று பள்ளத்தாக்கில் இறங்கிய நேரத்தில் தீப்பிடித்தது. விடிவதற்குள் ஏறக்குறைய 600 கட்டடங்கள் போயின. இன்று நான் நடக்கிற நேர் தெருக்கள் அந்தச் சாம்பல் மேல் போட்டவை. இப்போதும் அந்தக் காற்று அடித்தால் கிழவர்கள் ஜன்னலைத் திறந்து மோப்பம் பிடிப்பார்கள்.

பக்கத்து வீட்டுத் தச்சர் ஒருநாள், "நீங்களும் படைக்கு வரலாமே" என்றார். என் பாஸ்போர்ட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. முதல் பயிற்சியில் கமாண்டர் கையை நீட்டித் தன் பெயரைச் சொன்னார். இங்கே எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான் என்றார். வேலை செய்யும் இடத்தில் அதுவரை என்னை 'நீங்கள்' என்றே தள்ளி வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி ஈரக் குழாயைச் சுருட்டும்போது கையில் ஏறிய அந்தக் குளிர்ந்த கனம் எனக்குக் கோணியை நினைவூட்டியது. அணைந்த இடத்தைக் கையுறையின் பின்பக்கத்தால் தொட்டுச் சூடு பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது தெரியும் என்றேன்.

ஊர்க் கடைகளில் கிளாரஸ் கைக்குட்டை விற்கிறார்கள். சிவப்புத் துணி, நடுவே நம் மாங்காய்ப் புட்டா. இந்தியத் துணியைப் பார்த்து அச்சடித்து வளர்ந்த ஊர் இது. அந்த அச்சு ஆலைகளில் ஆட்கள் நின்ற நேரத்தை நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் போகாமல் 1864 இல் சட்டம் போட்டுக் கட்டியதும் இதே கிளாரஸ் மாநிலம்தான். மைதானத்தில் சபையாகக் கூடி, கை தூக்கி. மூன்று கரண்ட் தறிக்கு நடுவில் எத்தனை மணி நேரம் நிற்கிறோம் என்று நைனா கணக்கு வைத்ததே இல்லை. அந்தக் கைக்குட்டையை அவருக்கு அனுப்பினேன்; ஓரம் தைத்திருப்பதைத்தான் முதலில் பார்த்தாராம்.

மே மாதம் முதல் ஞாயிறு அந்தச் சபை இன்றும் கூடுகிறது. 16 வயதானால் வாக்கு உண்டு. எழுந்து பேசலாம், அட்டையை உயர்த்தலாம். தலைவர் கண்ணால் பார்த்தே பெரும்பான்மை சொல்வார். 2006 இல் அப்படித்தான் மாநிலத்தின் 25 ஊராட்சிகளை மூன்றாக்கினார்கள். என் ஊர் எல்லைக்காகச் சிறை போனவர்களை அங்கே நின்று நினைத்துக்கொள்வேன். குடியுரிமை இல்லாதவன், வாக்களிப்பவர்கள் நிற்கும் வளையத்துக்கு வெளியேதான் நிற்கிறேன். அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே நிற்கிற தச்சர் திரும்பிப் பார்த்துத் தலையசைப்பார்.

போன டிசம்பர் 31 எனக்குப் படையில் காத்திருப்பு முறை. வாணம் விடுகிற ராத்திரி. பூட்ஸை வாசலில் வைத்துவிட்டு 7.30க்குத் தங்கச்சி மகனைக் கூப்பிட்டேன். பின்னால் பஜனைச் சத்தம்.

"எத்தனாவது படிடா?"

"நூத்தி நாப்பத்திரண்டு மாமா. இருங்க, இது இன்னும் எரியுது."

போனைப் படியிலேயே வைத்துவிட்டான். திரை இருட்டாகிவிட்டது. ஈரக் கோணி கல்லில் விழுகிற சத்தம் கேட்டது.