குற்றம் கார்டில் இல்லை

2007-ஆம் வருடம். என் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கீழ் அறையில் படுத்த படுக்கையாக இருந்தாள். மார்செய்யில் இருக்கும் அவளுடைய அக்காவுக்கு வெள்ளிக்கிழமை இருதய ஆபரேஷன். "அதுக்கு முன்னாடி ஒரு தடவை அக்கா முகத்தைப் பார்த்துடணுங்க" என்றாள். கம்ப்யூட்டரும் பிராட்பேண்ட் மோடமும் மாடியில். அவளால் படி ஏற முடியாது.

மகனுடைய பழைய கம்ப்யூட்டரைக் கட்டில் அருகே வைத்தேன். மாடிக் கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கிச் செருகி, ஜன்னல் வழியாகக் கேபிளை இறக்கினேன். கார்டில் விளக்கே எரியவில்லை. கடைக்காரர் கேபிளைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு கம்ப்யூட்டர்களை நேராக இணைக்க கிராஸ் கேபிள் வேண்டுமாம். ஒரு முனையின் 1, 2-ம் கம்பிகள் மறுமுனையில் 3, 6-க்குப் போகவேண்டும். ஒரு முனையை வெட்டி மாற்றிக் கொடுத்தார். விளக்கு எரிந்தது.

ஆனாலும் இணையம் வரவில்லை. போதாததற்கு, மாடியில் இருந்ததும் போய்விட்டது. கீழே திரையில் 'அக்வயரிங் நெட்வொர்க் அட்ரஸ்' என்று வந்தபடியே இருந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு ஆங்கிலம் உத்தியோகத்தில் சேர்ந்தபின் வந்ததுதான். ஆனால் 'அக்கேரிர்' தெரியுமே! முகவரி கேட்கிறது, கொடுப்பார் இல்லை என்று புரிந்தது. கடைசியில் 169.254 என்று தொடங்கும் எண் வந்தது. முகவரி கிடைக்காத கம்ப்யூட்டர் தானே சூட்டிக்கொள்ளும் எண் அது.

கார்டுதான் கெட்டது என்று முடிவு கட்டினேன். கழற்றினேன், வேறு துளையில் மாட்டினேன், கடைக்குக் கொண்டுபோனேன். நன்றாக இருக்கிறது என்று திருப்பித் தந்தார்கள். இரண்டு நாள் போயிற்று. "பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி. முப்பது வருடம் கோப்பு பார்த்தவன், பள்ளிக்கூடப் பையனிடம் போய்க் கேட்பதா என்று இருந்தது. வியாழன் மாலை அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குமேல் வீம்பு நிற்கவில்லை.

பையன் வந்து ஒன்றே ஒன்று கேட்டான்: "தாத்தா, ரெண்டு கார்டுல எது மோடத்துக்குப் போறது?" எனக்குத் தெரியவில்லை. மோடம் கேபிளைப் பிடுங்கினான். திரையில் எந்தப் படத்தில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்ததோ, அதற்கு 'வெளி' என்று பெயரிட்டான், மற்றதற்கு 'வீடு'. இணைப்பைப் பகிரும் குறியை 'வெளி' கார்டில் போடவேண்டும். நான் 'வீடு' கார்டில் போட்டிருந்தேன். வரவுத் தபால் மேஜையில் அனுப்புத் தபால் பலகையை மாட்டியது போல! குறியை மாற்றியதும் 'வீடு' கார்டுக்கு 192.168.0.1 வந்தது. கீழே அதே வரிசையில் இன்னொரு எண்.

அன்று இரவு அக்காள் தங்கை இருவரும் பேசியது குறைவு. "இளைச்சுட்டியேடி", "நீயுந்தான்". பிறகு பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது. தவறாகப் போயிருந்தால் நான் கார்டையா குற்றம் சொல்லியிருக்க முடியும்?

இன்று வைஃபை வந்துவிட்டது. அந்த கிராஸ் கேபிள் மட்டும் மேஜை இழுப்பறையில் சுருண்டு கிடக்கிறது. பையன் இப்போது இன்ஜினியர். ஏதாவது சந்தேகம் என்றால் முதல் நாளே கேட்டுவிடுகிறேன்.