எங்கள் தோட்டத்துக் கோல் காவலன்

வெற்றி பெறும் குழுவின் பின்னால் ஊரே திரண்டு செல்லும். அதற்கு எவருடைய நெஞ்சுறுதியும் வேண்டுவதில்லை. ஞாயிறுதோறும் வெயிலிலும் மழையிலும் நின்று, கோல் மேல் கோல் வாங்கும் தன் குழுவைக் கண்டு மனம் நொந்து, அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் வந்து நிற்கிறானே, அவனுக்கே அக்குழு சொந்தம். இவ்வாறு நான் பல ஆண்டுகளாகப் பெருமையோடு பேசி வந்தேன். சென்ற ஆண்டு நடந்த ஒரு சம்பவம் அந்தச் சொந்தத்திற்கு ஒரு கடமையும் உண்டென்பதை எனக்கு உணர்த்திற்று. அதில் என் பங்கு புகழத்தக்கதன்று. ஆயினும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி. ஆங்கிலப் பள்ளியில் பயின்றவன்; ஆகவே தோட்டத்து மக்கள் என் வாய்ச்சொல்லுக்கு அதன் தகுதிக்கு மேற்பட்ட மதிப்புக் கொடுப்பதுண்டு. ஆறு ஆண்டுகளாகத் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்குக் காரியதரிசியாகவும் இருந்து வருகிறேன். எங்கள் குழு மாவட்ட லீக்கின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. ரப்பர் மரங்கள் நின்ற நாளில் எங்கள் பாட்டன்மார் பால்வெட்டு முடித்து வந்து பந்தாடிய திடல்தான் இன்றும் எங்கள் திடல். மரம் மாறிற்று, ஆட்களும் மாறினர், லயங்களிற் பாதி வெறிச்சோடிக் கிடக்கின்றன. பட்டணத்திற் குடியேறிவிட்டவர்கள் ஞாயிறு மாலை மட்டும் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வருவார்கள். வங்காளதேசத் தொழிலாளர் சிலர் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று எங்கள் ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தங்கள் உச்சரிப்பிற் கூவுவார்கள். எங்கள் ஆதரவாளர் படை இவ்வளவே.

நிற்க. சென்ற பருவத்தின் கடைசி ஆட்டத்திற் சமநிலை கண்டாற் போதும், இரண்டாம் பிரிவில் நிலைத்திருப்போம். தோற்றால் மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். ஆட்டம் முடிய நான்கைந்து நிமிடங்களே இருந்தன. இரு குழுவும் ஆளுக்கொரு கோல் போட்டிருந்தன. அப்போது எதிர்க்குழுவைச் சேர்ந்த ஒருவர் வெகு தொலைவிலிருந்து பந்தை உதைத்தார். அதில் வேகமுமில்லை, வளைவுமில்லை. தரையோடு உருண்டு வந்த அப்பந்தை எடுக்க எங்கள் கோல் காவலன் குனிந்தான். பந்து அவன் கைகளுக்கும் முழங்காலுக்கும் இடையே நழுவி, சாவதானமாகக் கோட்டைக் கடந்து சென்றது. திடலில் எழுந்த மௌனம் இன்றும் என் செவியில் இருக்கிறது.

அவன் பெயர் இங்கே வேண்டாம். வயது இருபத்திரண்டு. ஆலையில் வேலை. தகப்பன் இல்லை, தாய் நாற்றங்காலில் வேலை பார்ப்பவள். அவர்கள் வீட்டுச் சுவரில் காலஞ்சென்ற ஆர். ஆறுமுகத்தின் படம் ஒன்று இருந்தது. 1980-இல் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக் பந்தயத்துக்குத் தகுதி பெற்றபோது நம் நாட்டின் கோலைக் காத்தவர் அவர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் மாஸ்கோவைக் காணாமலே இருந்து, 1988-இல் சாலை விபத்தில் மாண்டார். அவர் மாண்ட பிறகு பிறந்த பையன் அவர் படத்தைப் பார்த்தே வளர்ந்தான்.

அன்றிரவு ஒட்டுக்கடையில் கூடினோம். தேநீர் ஆறிற்று, வாதம் ஆறவில்லை. மூன்று விஷயங்கள் பேசப்பட்டன.

முதலாவது, குழுவைப் பட்டணத்திற்கு மாற்றிவிடலாமா என்பது. ஆட்டக்காரர்களிற் பாதிப்பேர் பட்டணத்தில் இருக்கிறார்கள், அங்கே விளக்குப் போட்ட திடல் உண்டு, கடைக்காரர்கள் சட்டை வாங்கித் தருவார்கள் என்றார் பட்டணத்து அன்பர் ஒருவர். நான் அப்போது விம்பிள்டன் கதையைச் சொன்னேன். 1988-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலையே வென்ற குழு அது. அதனைச் சுமார் 90 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோகலாம் என்று 2002-இல் தீர்ப்பாயிற்று. ஆதரவாளர்கள் புலம்பிக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. அதே ஆண்டில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்னும் புதுக்குழுவைத் தாங்களே தொடங்கினார்கள். ஊர்ப் பொதுவெளியில் தேர்வு நடத்தி ஆட்டக்காரர்களைச் சேர்த்தார்கள். மிகத் தாழ்ந்த படியிலிருந்து ஐந்து முறை மேற்பிரிவுக்கு உயர்ந்து 2011-இல் இங்கிலாந்தின் நான்காம் பிரிவை எட்டினார்கள். 2020-இல் தங்கள் பழைய பேட்டையிலேயே புதுத்திடல் கட்டிக் குடியேறினார்கள். இதைக் கேட்டதும் பட்டணத்து அன்பர், “அப்படியானால் திடலுக்கு விளக்குப் போட நாங்கள் பணம் சேர்க்கிறோம், கிராணி ஐயா, குழு இங்கேயே இருக்கட்டும்” என்றார். அது நல்ல வாதம். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டார். இருவர் மனமும் ஓரடி நகர்ந்தது.

இரண்டாவது, வெளியாட்களைச் சேர்க்கலாமா என்பது. தோட்டத்துப் பிள்ளைகளே ஆட வேண்டும், தோற்றாலும் அது நம் தோல்வியாக இருக்கட்டும் என்றனர் ஒரு சாரார். பக்கத்துக் கம்பத்து மலாய் இளைஞர் இருவர் நன்றாக ஆடுகிறார்கள், அவர்களையும் அழைப்போம் என்றனர் மற்றவர். ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர், “நம்மவர் குழு, நம்மவர் குழு என்கிறீர்களே, மிஃபா குழுவை என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் பெயர் தாங்கிய அக்குழு 2017-இல் நாட்டின் இரண்டாம் பிரிவில் ஆடியதையும், பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி 2019-இல் சூப்பர் லீக்கில் ஏறியதையும், 2022-ஆம் ஆண்டுப் பருவத்தோடு லீக்கை விட்டே விலகியதையும் நினைவூட்டினார். “அது ஆடிய நாளில் இந்தக் கடையிலிருந்து எத்தனை பேர் சீட்டு வாங்கிப் போனீர்கள்? பெயரைச் சொல்லிப் பெருமைப்பட ஆயிரம் பேர், படியேறிப் பார்க்க ஆளில்லை” என்றார். நான் ஒரே ஒரு முறை போனவன், தலை குனிந்தேன். இதுவும் நல்ல வாதமே. கேட்டவர் எவரும் கோபிக்கவில்லை. கம்பத்து இளைஞர்களை அழைப்பதென்று முடிவாயிற்று.

மூன்றாவது, கோல் காவலன் விஷயம். முன்னிரண்டு வாதங்களிலும் காரணம் பேசிற்று. இதில் கோபமே பேசிற்று. “குழந்தை கூடப் பிடிக்கும் அந்தப் பந்தை” என்றார் ஒருவர். “எனக்கு அந்தப் பந்து போன விதமே பிடிக்கவில்லை” என்றார் இன்னொருவர். சொல்ல வந்ததை எவரும் சொல்லவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். படித்தவன் என்ன சொல்வான் என்று எதிர்பார்க்கும் அப்பார்வை பொல்லாதது. அதற்கு ஏதேனும் கொடுத்தாக வேண்டும் என்று நாவு துடிக்கும். நான் சொன்னேன்: “1994-ஐ மறந்துவிட்டீர்களா? அந்தக் காலத்துப் பெரிய பெரிய ஆட்டக்காரர்களே பணத்துக்கு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்கள். கோல் காவலன் ஒரு பந்தைத் தவறவிடுவதற்கும் விலை உண்டு.”

அவ்வளவே சொன்னேன். அவன் பணம் வாங்கினான் என்று சொல்லவில்லை. அதுவே என் சாமர்த்தியம். 1994-இல் வெடித்த சூதாட்ட ஊழல் நம் நாட்டுக் காற்பந்தின் மானத்தைக் குலைத்தது மெய். அன்று எத்தனையோ ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டுத் தண்டனையும் பெற்றார்கள். ஆனால் அந்தப் பெரிய உண்மையை எடுத்து ஓர் ஏழைப் பையனின் தலையில் வைத்தவன் நான். விம்பிள்டனைப் பற்றிச் சொல்ல உதவிய அதே படிப்பு இதற்கும் உதவிற்று. மறுநாட் காலையில் அவன் வாங்கிய பணம் இருநூறு ரிங்கிட் என்று பேசிக்கொண்டார்கள், மாலையில் ஐந்நூறாயிற்று.

புதன்கிழமை அவன் தாய் ஆபீசுக்கு வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை. “கிராணி ஐயா, என் பிள்ளை காசு வாங்கினானா? நீங்கள் சொன்னதாகச் சொல்கிறார்கள். நீங்கள் சொன்னால் பொய்யாக இருக்காது. அதுதான் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்” என்றாள். அவள் குரலிற் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதேனும் பதில் சொல்லித் தப்பியிருப்பேன். “அப்படி நான் சொல்லவில்லை, அம்மா” என்றேன். சட்டப்படி அது பொய்யன்று, மனச்சாட்சிப்படி முழுப்பொய். அவள் போகும்போது, “சுவரில் இருந்த படத்தைக் கழற்றி வைத்துவிட்டான், ஐயா” என்று மட்டும் சொன்னாள்.

அவள் சென்றபின் என்ன தோன்றிற்றோ, சென்ற வாரத்துச் செக்ரோலை எடுத்துப் புரட்டினேன். அந்த வாரம் விளைச்சல் மிகுதி. குலைகள் தேங்காதிருக்க ஆலை இரவும் பகலும் ஓடிற்று. சனிக்கிழமை இரவு வேலைக்கு வரவேண்டிய ஒருவர் காய்ச்சலாய்ப் படுத்துவிட, அவருக்குப் பதிலாக வேறொரு பெயர் எழுதப்பட்டிருந்தது. இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை. அது எங்கள் கோல் காவலனின் பெயர். எழுதிய கை என்னுடையது. பன்னிரண்டு மணி நேரம் ஆலையின் வெப்பத்தில் நின்றவன், ஞாயிறு மாலை 24 அடி அகலமும் 8 அடி உயரமுமுள்ள கோலைக் காக்க வந்து நின்றிருக்கிறான். சான்று தேடி நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. என் மேசையிலேயே, என் கையெழுத்திலேயே அது இருந்தது.

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். எழுந்து நின்று நாற்காலி போட்டான். அது எனக்கு மேலும் வெட்கமாயிருந்தது. “இரவு வேலை பார்த்ததை ஏன் தம்பி சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சொன்னால் சாக்கு என்பார்கள், ஐயா. பந்தை விட்டது நான்தான். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் விற்றேன் என்றீர்களே, அதற்கு நான் என்ன பதில் சொல்வது?” என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை, ஐயா” என்றான். பரவாயில்லை என்பவனுக்கு மேலே என்ன சொல்வது? சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த மாதம் குழுவின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. அதற்குள் அவன் வேலையை விட்டு ஜொகூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான். நான் எழுந்து நடந்தது முழுவதும் சொன்னேன். ஒட்டுக்கடையிற் பேசிய வாசகத்தையும், பெயரை எழுதியவன் நானே என்பதையும் ஒன்றுவிடாமற் சொன்னேன். காரியதரிசிப் பதவியிலிருந்து விலகுவதாகவும் அறிவித்தேன். மண்டோர் பெரியவர் எழுந்து, “விலகிவிட்டால் உங்களுக்குச் சுலபம், கிராணி ஐயா. இருந்து அடுத்த பையனைக் காப்பாற்றுங்கள்” என்றார். கூட்டமும் அதையே விரும்பிற்று. அத்துடன் ஒரு தீர்மானமும் நிறைவேறிற்று: ஆட்டத்தைப் பற்றி எவரும் எதுவும் பேசலாம், ஆட்டக்காரரின் நாணயத்தைப் பற்றிப் பேசுவோர் சான்றோடு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்பர்களே, கீழ்ப்பிரிவுக் குழுக்களின் ஆட்டக்காரர்கள் நம்மைப்போலவே உழைத்துப் பிழைப்பவர்கள். பெரிய லீக்கின் ஆட்டக்காரனை நாம் ஏசினால் அது அவன் காதுக்கு எட்டுவது அரிது. நம் தோட்டத்துப் பிள்ளையை ஏசினால் அவன் தாய் மறுநாள் அதே கடையில் அரிசி வாங்க வரவேண்டும். தொலைவிலிருப்பவரிடம் நாம் காட்டும் நிதானத்தைக் கூட அருகிலிருப்பவரிடம் காட்டுவதில்லை. சொந்தம் என்பதையே ஏசுவதற்கு உரிமைச்சீட்டாக எண்ணிக்கொள்கிறோம். வாதம் செய்வது ஆதரவாளரின் உரிமை. குழு வளர்வதும் அதனாலேதான். பந்து ஏன் போயிற்று என்று கேட்பது வாதம். அறியாமல், ஆராயாமல், பந்தோடு ஒருவனுடைய மானத்தையும் போகவிடுவது வாதமன்று.

இப்போது நாங்கள் மூன்றாம் பிரிவில் ஆடுகிறோம். கம்பத்து இளைஞர்கள் இருவரும் சேர்ந்துவிட்டார்கள். திடலுக்கு விளக்குப் போடப் பட்டணத்தார் பணம் திரட்டி வருகிறார்கள். புதிய கோல் காவலனுக்கு வயது பதினேழு. சென்ற மாதம் அவனும் ஒரு பந்தைத் தவறவிட்டான். திடலில் ஒரு கணம் அந்தப் பழைய மௌனம் எழுந்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாயைத் திறக்குமுன்னே கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து மண்டோர் பெரியவரின் குரல் வந்தது:

“எழுந்திரு தம்பி, இன்னும் நேரமிருக்கிறது!”