கட்-ஆஃப் குமிழைத் திருகிப் பாருங்கள்

சிந்தசைசர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை டோன் இருக்கு?" என்றுதான். கீபோர்டுக்கு அது சரியான கேள்வி. அதில் பியானோ, வயலின், புல்லாங்குழல் எல்லாம் முன்பே தயார். இடது கையால் ஒரு கார்டு பிடித்தால் டிரம்ஸும் பேஸும் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும். விரல் பழக அது நல்ல துணை.

சிந்தசைசரிலோ ஒலியையே நாம் உருவாக்கலாம். 1970இல் வந்த மினிமூக் என்ற சிந்தசைசரில் சேமித்து வைத்த டோன் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். ஒலியை எழுப்பும் மூன்று ஆஸிலேட்டர், அதை வடிகட்டும் ஃபில்டர், அதன் ஏற்ற இறக்கத்தை வகுக்கும் என்வலப்: அது போட்ட இந்த வழியில்தான் இன்றும் பல சிந்தசைசர்கள் போகின்றன.

ஆஸிலேட்டரில் ஸாடூத் என்ற ரம்பப்பல் வடிவ அலையை வைத்து, ஒரு கட்டையை அழுத்திப் பிடியுங்கள். காதைக் குத்தும். அடிப்படை ஸ்வரத்துக்கு மேலே ஒலிக்கும் துணை ஒலிகளான ஹார்மானிக்ஸ் அத்தனையும் அதில் நிரம்பியிருப்பதால் வரும் கூர்மை அது. இப்போது ஃபில்டரின் கட்-ஆஃபை, அதாவது அது வெட்டத் தொடங்கும் எல்லையை, மெல்லக் குறையுங்கள். மேலே உள்ள ஹார்மானிக்ஸ் ஒவ்வொன்றாக மங்க, ஒலி இருண்டு, உருண்டு, வெறும் முனகலாக அடங்கும். கட்-ஆஃபை மறுபடி ஏற்றிவிட்டு என்வலப்புக்கு வாருங்கள். அட்டாக்கை (ஒலி எழும் நேரம்) பூஜ்யத்தில் வைத்து, டிகேயை (அது தணியும் நேரம்) சுருக்கி, சஸ்டெயினை (கட்டையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவு) முழுக்க இறக்கினால், தந்தியைச் சுண்டியதுபோல் 'டங்' என்று விழும். சஸ்டெயினை ஏற்றி அட்டாக்கை ஒரு விநாடிக்கு நீட்டினால், வில் போட்டு இழுப்பதுபோல் எழும்பி வரும். இரண்டுமே அதே ஸாடூத்தான்! ஒரு வாத்தியத்தைக் காது இனம் காண்பதில் ஸ்வரத்தின் தொடக்கத்துக்கு எவ்வளவு பங்கு என்பது எனக்குப் பிடிபட்டதே இந்தக் குமிழ்களில்தான்.

சிந்தசைசரின் இடப்பக்கம் உள்ள, ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் நல்ல கீபோர்டுகளிலும் உண்டு. கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்களுக்கு அதுதான் உயிர்; கட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் கமகத்தை அதைக் கொண்டுதான் எட்ட முடியும்.

1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரில் குமிழ்கள் போய்ப் பொத்தான்கள் வந்தன. ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றும் அதன் எஃப்எம் முறை அற்புதமானது. ஆனால் புரிந்துகொள்ளக் கடினம். அதனால் பலரும் ஒலியை உருவாக்கப் போகாமல், தயாராக இருந்த டோன்களோடு நின்றுவிட்டார்கள். ஆகவே முதல் சிந்தசைசர் குமிழ்கள் நிறைந்ததாக இருக்கட்டும். பலவற்றில் ஸ்பீக்கர் இருக்காது, நல்ல ஹெட்ஃபோனும் சேர்த்து வாங்குங்கள். கம்பெனி போட்டுக் கொடுத்த டோன்களைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிட்டு, ஒற்றை ஆஸிலேட்டரிலிருந்து தொடங்குங்கள்.