தங்கக் கொசுக் கல்லூரி

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் பார்க்கப் போனால், அதன் பின்பக்கம் கெப்பல் தெருவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே ஒரு பெரிய கட்டடம். பால்கனிக் கம்பிகளில் பொன் முலாம் பூசிய கொசு, பேன், எலி! நாம் துடைப்பத்தால் விரட்டுகிற ஜீவன்களுக்கு அங்கே அத்தனை மரியாதை!

1899-ல் தொடங்கிய சுகாதாரக் கல்லூரி அது. இந்தக் கட்டடம் 1929-ல் திறந்தது. பல தேசத்து டாக்டர்களும் நர்ஸுகளும் இங்கே உலக சுகாதாரத்தில் எம்.எஸ்ஸி. படிக்க வருகிறார்கள். முழு நேரப் படிப்பானால் ஒரு வருஷம். ஊரில் ஏன் பேதி பரவுகிறது, தடுப்பூசியைக் கடைசிக் குடிசை வரை எப்படிச் சேர்ப்பது என்றெல்லாம் கணக்குப் போட்டுப் பழகுகிறார்கள்.

சற்று நிமிர்ந்து பாருங்கள். சுவரின் உச்சியில் சுகாதார மேதைகளின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். முதலில் செதுக்கியது 23, அத்தனையும் ஆண்கள்! 2019-ல்தான் மூன்று பெண்கள் ஏறினார்கள். மேரி கியூரியும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் உங்களுக்குத் தெரிந்தவர்கள். மூன்றாமவர் ஆலிஸ் பால்.

கறுப்பினப் பெண்ணான இவர், 1915-ல் ஹவாய்க் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. தொழுநோய்க்கு நம் தேசத்தில் வெகுகாலமாய் வழங்கிய சால்மூக்ரா எண்ணெய் குடித்தால் குமட்டும். ஊசியாய்ப் போட்டாலோ கட்டி தட்டும். அது உடம்பில் கலக்கும்படி பக்குவம் செய்தவர் ஆலிஸ்தான். 1916-ல் காலமானார். வயது 24! பிறகு அந்தக் கல்லூரித் தலைவரே, அவர் பெயரைச் சொல்லாமல் அந்த முறையை வெளியிட்டுக்கொண்டார்.

சுவரில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். கழுத்து வலித்தாலும் பரவாயில்லை.