வெள்ளைப் படிவு சொல்லாத செய்தி

மே 3, ஞாயிறு

கீசரில் வெந்நீர் வர நேரம் கூடிக்கொண்டே போனதால் பிளம்பர் தம்பியை வரச் சொன்னேன். உள்ளேயிருந்த காயிலைக் கழற்றிக் காட்டினார். கம்பியே தெரியாதபடி வெள்ளைப் படிவு மூடியிருந்தது. "போர் தண்ணிக்கா, உப்பு ஏறிடுச்சு. குரோம்பேட்டை முழுக்க இதேதான்" என்றார்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் உடைகிறது. கரியமில வாயு வெளியேற, கரையாத சுண்ணாம்பு கம்பியில் ஒட்டிக்கொள்கிறது. படிவு தடிக்கத் தடிக்க மின்சாரம் வீணாகிறது. கொதிக்க வைத்தால் இறங்கிவிடும் இதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்கிறார்கள். கால்சியம், மக்னீசியம் இரண்டின் சல்பேட்டும் குளோரைடும் எவ்வளவு கொதித்தாலும் தண்ணீரிலேயே நிற்கும்; அது நிரந்தரக் கடினத்தன்மை. தம்பி காயிலை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப் போட்டார். படிவு நுரைத்துக் கரைந்தது.

மே 5, செவ்வாய்

தரைத்தளத்துப் பெரியம்மா இங்கே தனி வீடுகளும் கிணறுகளும் இருந்த காலத்தைப் பார்த்தவர். "கிணத்துத் தண்ணியில துவரம்பருப்பு வேகவே வேகாது. பாலாத்துத் தண்ணி வந்தாத்தான் உலை வைப்போம்" என்றார். அவர் கைப்பக்குவத்துக்குக் காரணம் உண்டு. பருப்பில் உள்ள பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சோப்பு நுரைக்காமல் பிசுக்காகத் திரிவதும் அதே கால்சியத்தால்தான்.

இந்தக் கால்சியம் நம் காலடியிலிருந்தே வருகிறது. பல்லாவரத்துக் குன்றுகளின் பாறை சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பெயரை வைத்தார். இறுகிய பாறை என்பதால் தண்ணீர் அதன் வெடிப்புகளிலும், மேலே மக்கிய அடுக்கிலும்தான் தங்கும். எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவு தாதுக்கள் கரையும். மழை இறங்காமல் போரை மட்டும் ஆழப்படுத்திக்கொண்டே போனால் பழைய, கனத்த தண்ணீர்தான் மேலே வரும்.

மே 11, திங்கள்

ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி விற்கும் இளைஞர் ஒருவர் வந்தார். கரைந்த தாதுக்களை அளக்கும் டி.டி.எஸ். பேனாவை எங்கள் குழாய்த் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டினார். பிறகு இரண்டு டம்ளர்களில் மின்கம்பிகள் பொருத்திய கருவியை வைத்தார். எங்கள் தண்ணீர் செங்கல் நிறத்தில் கலங்கியது. அவர் கொண்டுவந்தது தெளிவாகவே இருந்தது. "இதைக் குடிச்சா கிட்னியில கல்லு வரும் மேடம்" என்றார். எதிர்வீட்டுப் பெண் பயந்துபோய் முன்பணம் எடுக்க உள்ளே போனாள்.

நான் அவளை நிறுத்திச் சொன்னேன்: அந்த நிறம் கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. தாது உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி கரையும். தாது நீங்கிய தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. பேனாவும் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. எந்தத் தாது என்று அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்றும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. இந்தியத் தர நிர்ணய விதி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை. மொத்தத் தாதுக்களுக்கு அந்த அளவுகள் 500, 2000. தாதுக்கள் 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னதற்குக் காரணம், அது கழித்து ஊற்றும் தண்ணீர்.

மே 14, வியாழன்

பயமுறுத்துகிறவர்களை மறுத்தால் போதாது, நம் தண்ணீரை நாமே அறிந்துகொள்ள வேண்டும். இந்த ஊரில் அது இன்னும் அவசியம். ஊருக்குப் பெயர் தந்ததே குரோம் தோல் ஆலை. பக்கத்து நாகல்கேணியின் தோல் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரில் விட்டுப்போன குரோமியம் ஆய்வாளர்கள் பதிவு செய்தது. அதற்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அவ்வளவு நுண்ணிய அளவு பேனாவின் எண்ணில் அடையாளமே தெரியாது.

மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்தேன். ரசாயனச் சோதனைக்கு இரண்டு லிட்டர் கேன். கிருமிச் சோதனைக்கு அவர்களே தந்த, நுண்ணுயிர் நீக்கிய பாட்டில். வாய்ப்பகுதியில் விரல் படாமல் பிடித்து, பனிக்கட்டி வைத்து அன்றே சேர்க்க வேண்டும்.

மே 21, வியாழன்

முடிவு வந்தது. கடினத்தன்மை 200-ஐத் தாண்டி, 600-க்குள் நிற்கிறது. குரோமியம் வரம்புக்குள். ஆனால் சம்ப்பிலிருந்து, அதாவது தரைக்கடித் தொட்டியிலிருந்து, எடுத்த தண்ணீரில் கோலிஃபார்ம் கிருமி இருக்கிறது. 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாதது.

பாலாற்றுத் தண்ணீர் தெருக்குழாயில் குளோரினோடு வருகிறது. எங்கள் சம்ப்பில் விழுந்து, போர் தண்ணீரோடு கலந்து கிடக்கையில் குளோரின் தீர்ந்துபோகிறது. சம்ப்பின் மூடி தரைமட்டத்தில் இருக்கிறது. சில அடி தள்ளிக் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. இத்தனை நாள் இந்த வீட்டுப் பேச்செல்லாம் வாளியின் வெள்ளைக் கறையைப் பற்றியே இருந்தது. கறை பாத்திரத்தையும் குழாயையும் கெடுக்கும். குழந்தைகளை வயிற்றுப்போக்கில் படுக்க வைப்பது நிறமும் ருசியும் இல்லாமல் வந்துவிடுகிறது.

மே 24, ஞாயிறு

குடியிருப்புக் கூட்டத்தில் முடிவுத் தாளை வாசித்தேன். கட்டடம் முழுவதற்கும் சாஃப்ட்னர் வைக்கலாம் என்றார் ஒருவர். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குடிக்க ஏற்றதல்ல. அதிலுள்ள பிசினை மீண்டும் தயாராக்கக் கல்லுப்புக் கரைசல் ஊற்ற வேண்டும். அந்தக் கழிவு எங்கள் மண்ணிலேயே இறங்கி எங்கள் போரையே உப்பாக்கும். கூட்டம் அதைக் கைவிட்டது.

தீர்மானித்தவை இவை. சம்ப்பைக் கழுவி, வெடிப்பு இருந்தால் அடைத்து, மூடியைத் தரைக்கு மேல் உயர்த்துவது. பாலாற்றுத் தண்ணீருக்குத் தனித் தொட்டி. குழாய்முனையில் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்று சோதிப்பது. அதுவரை எல்லோரும் காய்ச்சிக் குடிப்பது. கிருமி சாகும், தற்காலிகக் கடினத்தன்மையும் அடியில் தங்கும்.

கடைசித் தீர்மானம்தான் எனக்கு மிகப் பெரியது. 2003-இல் மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புத் தொட்டி எங்கள் கட்டடத்திலும் உண்டு. மண் மூடிக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் அதைத் தூர்வாரி, ஜல்லியும் மணலும் மாற்றப் போகிறோம். மழைநீரில் கரைந்த தாது அநேகமாக இல்லை. அது பாறை வெடிப்பு வரை இறங்கினால் போர் தண்ணீரின் கனம் குறையும். இதை ஒரு கட்டடம் செய்தால் பலன் கொஞ்சம். தெருவே செய்தால் அடுத்த கோடையில் ஆய்வகத் தாளிலேயே தெரியும். அதனால் நாளை பக்கத்துக் கட்டடத்துக்காரர்களிடம் முடிவுத் தாளோடு போய்ப் பேசுவேன்.