‘பிரேக் செயலிழந்ததால்’

மலையகத்தில் வாகன விபத்தொன்று நடந்தால் மறுநாள் பத்திரிகைகளில் ‘பிரேக் செயலிழந்ததால்’ என்ற சொற்றொடர் பெரும்பாலும் இடம்பெறும். முப்பது வருடங்களாகச் செய்திகளைச் செப்பனிட்டு வரும் எனக்கு, அது ஏதோ விதியின் செயல் போல எழுதப்படுவதில் உடன்பாடில்லை. பிரேக் திடீரென்று சாவதில்லை. சிறிது சிறிதாகக் கொல்லப்படுகிறது.

நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும் வெளியூர் வாகனங்களைக் கவனித்திருக்கிறீர்களா? சென்கிளயர் நீர்வீழ்ச்சியைப் பார்க்க அவை நிற்கும்போது சக்கரங்களிலிருந்து கருகல் வாடை வீசும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்ததன் விளைவு அது. அந்தச் சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால், எவ்வளவு மிதித்தாலும் பெடல் வெறுமனே உள்ளே போகும். எண்ணெய் பழையதென்றால் ஆபத்து இன்னும் அதிகம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். இரண்டு வருடங்களுக்கு ஒரு தடவை அதை மாற்றச் சொல்வது இதனால்தான்.

தோட்டத்து லொறியில் காலமெல்லாம் கொழுந்து ஏற்றிய முதிய சாரதி ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “ஏறுன கியர்லயே எறங்கணும் ஐயா. பிரேக்கு நிப்பாட்டுறதுக்கு, எறங்குறதுக்கு இல்ல.” இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல என்னால் இயலாது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில், மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் இறங்கியவர்களையும் கண்டேன். இன்றைய எஞ்சின்களில் அதனால் இலாபமில்லை. கியரில் இறங்கும்போது எக்ஸலேட்டரை விட்டுவிட்டால் எரிபொருள் பாய்வது தானாகவே நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் எரிபொருள் குடிக்கும், வேகத்தையும் தடுக்காது.

மார்கழி, தை மாதங்களில் இவற்றோடு மூடுபனியும் சேர்கிறது. அப்போது உயர் வெளிச்சம் போட்டால் அது பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே மறைக்கும். தாழ் வெளிச்சமே உதவும். கண்ணாடியின் உட்புறம் புகார் படிந்தால் ஏசியைப் போட்டால் தெளியும். வைப்பர் ரப்பரும் டயரின் வெட்டும் தேய்ந்திருந்தால் புறப்படுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதியில் கொழும்புப் பாடசாலையொன்றின் மாணவர்களை ஏற்றிவந்த பஸ், வேனொன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதியது. 7 பேர் இறந்தனர். அவர்கள் அனைவரும் வேனிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்தவர்கள்.

என்னை இன்றும் உறுத்துவது அதுதான். பெரிய வாகனம் தடுமாறினால் எதிரே வரும் சிறிய வாகனமே நொறுங்குகிறது. நடைபாதையற்ற வீதியோரத்தில் பனிக்குள் நடந்து போகும் தோட்டத்துப் பிள்ளைக்கோ அந்தத் தகரக் கவசம் கூட இல்லை. உல்லாசமாக மலையேறி வருபவர்கள் தங்கள் பிரேக்கைப் பரிசோதிப்பது தங்களுக்காக மட்டுமல்ல. முகமறியாத அந்தப் பிள்ளைக்காகவும்தான்.