உரிமையும் உரிமமும்

பணி ஓய்வு பெற்றபின் நான் கற்ற பாடங்களுள் தலையாயது ஏட்டில் கற்றதன்று; சாலையில் கற்றது. அதனை மாணவர்களாகிய உங்களிடம் மறையாது கூறுதல் என் கடமை.

எங்கள் சிற்றூரிலிருந்து நூலகம் சென்றுவர, அறுபதாம் அகவையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். முதலில் பழகுநர் உரிமம் பெற்றேன். முப்பது நாள் கழிந்தபின், அலுவலர் முன்னிலையில் வண்டியை ஓட்டிக் காட்டி ஓட்டுநர் உரிமமும் பெற்றேன். அது கியர் இல்லாத மோட்டார் சைக்கிள் என்னும் ஒரு வகைக்கு மட்டுமே உரியது. அந்த வரம்பை நான் கருத்தில் கொள்ளவில்லை.

ஒருநாள் ஸ்கூட்டர் பழுதுற்றது. என் தமையன் மகனுடைய மோட்டார் சைக்கிள் வாயிலில் நின்றது. அது கியர் உள்ள வண்டி. ‘இதற்கும் இரண்டு சக்கரங்கள்தாமே?’ என்று எண்ணி ஏறிச் சென்றேன். நேர்சாலையில் இடர் ஒன்றும் தோன்றவில்லை. பள்ளியருகே இருந்த வளைவில், மிதிவண்டியில் ஒரு சிறுவன் எதிர்ப்பட்டான். பழக்கத்தால் என் இடக்கை அங்கிருந்த பிடியை இறுக்கிற்று. ஸ்கூட்டரில் அது பிரேக்; இவ்வண்டியிலோ அது கிளட்ச். வண்டி நிற்கவில்லை. மிதிவண்டி சாய்ந்தது, சிறுவனும் வீழ்ந்தான்.

முழங்காலில் குருதி வழிய எழுந்த அவன், “ஐயா, உங்களுக்கு அடிபட்டதா?” என்று வினவினான். அவ்வினா என் நெஞ்சைச் சுட்டது. அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அவன் தந்தையிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன்.

அகவல் எழுதிய துணிவில் வெண்பா புனைந்து வரும் மாணவனின் ஏட்டில், தளை தட்டிய இடத்தைச் சிவப்பு மையால் சுழித்தவன் நான். ஏட்டில் நேரும் பிழை மையோடு போகும். சாலையில் நேரும் பிழைக்கு விலை பிறருடைய குருதி. இதனை அன்றே உணர்ந்தேன்.

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உரிமத்தைப் பல வகையாகப் பிரித்திருக்கிறது. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று. கியர் உள்ளது மற்றொன்று. எடை 7,500 கிலோகிராமுக்கு மேற்படாத கார் முதலியன இலகுரக மோட்டார் வாகனம் எனப்படும். பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் பேருந்து, லாரி முதலியவை போக்குவரத்து வாகனம் எனப்படும். சாலையைச் சமன் செய்யும் உருளை வண்டிக்கும் தனி வகை உண்டு. உடற்குறையுடையார்க்கென மாற்றியமைக்கப்பட்ட வண்டிக்கும் ஒரு வகை வகுத்திருப்பது அச்சட்டத்தின் அருள் நோக்கைக் காட்டும்.

அகவையும் வகைக்கேற்ப வேறுபடும். இயந்திரக் கொள்ளளவு 50 கன சென்டிமீட்டருக்கு மிகாத கியரற்ற வண்டிக்குப் பதினாறு. அதற்கும் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். பிற வண்டிகளுக்குப் பதினெட்டு. போக்குவரத்து வாகனத்திற்கு இருபது. இப்போக்குவரத்து வாகனத்தை ஓட்டப் பழக விரும்புவோர், முன்னரே ஓராண்டேனும் இலகுரக வாகன உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். பலர் உயிரைச் சுமக்கும் வண்டிக்குப் பட்டறிவும் மிகுதியாக வேண்டுமன்றோ?

உங்களுள் சிலர், தந்தையார் உறங்கும்போது வண்டியின் சாவியை எடுக்க விழையலாம். சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், 2019 ஆம் ஆண்டின் திருத்தப்படி, காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் தண்டமும் அடைய நேரும். வண்டியின் பதிவு ஓராண்டு நீக்கப்படும். அச்சிறுவர்க்கு இருபத்தைந்து அகவை நிறையும்வரை உரிமம் கிட்டாது. நீங்கள் செய்யும் பிழைக்கு உங்கள் தந்தையார் சிறை செல்வது தகுமா?

உரிமை என்னும் சொல்லின் வழியே உரிமம் என்னும் சொல் பிறந்தது. ஆயினும் சாலையில், தகுதி முந்தும். உரிமை அதன் பின்னரே வரும். ஒன்றில் பெற்ற தகுதி மற்றொன்றிற்கு ஆகாது. அதனை மறந்த முதியவன் ஒருவனை ஒரு சிறுவனின் அன்பான வினாவே திருத்திற்று. நான் இப்போது கியர் உள்ள வண்டிக்கும் முறைப்படி பயின்று, தேர்வெழுதி, உரிமம் பெற்றுள்ளேன். எனினும் அந்த வளைவை அடையுந்தோறும் என் கை தானே வேகத்தைத் தணிக்கிறது.